பேர் சொல்லாத பூச்சி

"இஞ்சேரும், நான் சுகம். கையிலை ஒரு பூச்சி கடிச்சிட்டுது. பயப்பிடாதையும்."

"என்ன பூச்சி?"

"ஏதோ ஒரு பூச்சி. அது..."

அதோடு லைன் அறுந்துபோனது. பிறகு எத்தனைதரம் எடுத்தும் கிடைக்கவில்லை.

நாலு நாளாகச் சிவமலரின் காதுக்குள் இந்தப் பேச்சுத்தான் திரும்பத் திரும்ப ஓடியது. இத்தாலியில், அவள் இருந்த பலெர்மோவில் மத்தியானம் என்றால், அவள் புருஷன் சோதிலிங்கம் போயிருந்த யப்பான் தீவில் இரவு. இரவில் யார்தான் பாம்பைப் பாம்பென்று சொல்வார்கள்? பூச்சி என்பார்கள். அவனோ காணக் கிடையாத பாம்பையும் தவளையையும் காட்டுக்குள் தேடிப் படமெடுக்கிற பேராசிரியருக்கு லைற் பிடிக்கப் போனவன். அவள் வேறு என்ன நினைப்பாள்? சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போகிற சிஞ்ஞோரா வீட்டில் எசமானியின் பட்டுச் சட்டையைக் கருக்கிவிட்டாள். கபோ சந்தைக்கு மீன் வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினாள்.

ஐந்தாம் நாள் பின்னேரம், சீசாப் பகுதியில் அவர்கள் இருந்த வீட்டு வாசலில் அவன் வந்து நின்றான், கறுத்துப்போய், ஆனால் முழுசாக.

"அது குளவியப்பா," என்று சிரித்தான். "குளவியைப் பூச்சியெண்டாமல் என்னெண்டு சொல்லுறது?"

"குளவியெண்டு சொல்லுறது."

அவன் குளிக்கக்கூட இல்லை. சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டி, பேராசிரியரிடம் இரவல் வாங்கிவந்த புறொஜெக்ரரைப் போட்டான். ஈரப் பாசியில் ஒரு பச்சைத் தவளை.

"ஒன்பது நாள் மழையிலை நிண்டு எடுத்தது. நான் லைற்றைச் சரிச்சுப் பிடிச்சபடியாத்தான் கண் மினுங்குது, பாரும்."

"இஞ்சேருங்கோ, நான் ஒண்டு கேக்க..."

"பொறும், பொறும். அடுத்தது பாம்பு."

மூன்று வருடமாக இதே கதைதான். தானும் வரவேண்டுமென்று அவள் வாயெடுத்தாலே எங்கிருந்தாவது ஒரு தவளை குறுக்கே பாய்ந்துவிடும். போகுமுன் பெட்டி கட்டுகிற அவசரம், வந்தால் இந்தப் படங்கள். அவளுடைய வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவும் கையில் வந்து இரண்டு மாதமாகிறது, ஒரு தடையுமில்லை. பாம்பைக் கண்டால் அவள் மயங்கி விழுவாளென்று அவன் தானாகவே தீர்மானித்திருந்தான்.

"ஒக்ரோபரிலை திரும்பவும் போறம்," என்றான். "பெட்டி தூக்க இன்னொராள் வேணுமாம். பக்கத்து வீட்டுக் கொட்வினைக் கேப்பமெண்டு இருக்கிறன்."

சிவமலர் எழுந்துபோய் வயரைப் பிடுங்கினாள். பாம்பு மறைந்து வெறும் விரிப்புத் தொங்கியது.

"என்னப்பா, பல்பெல்லோ போகப்போகுது..."

"போகட்டும். உங்களை எந்தக் காட்டிலை புதைச்சாங்களோ எண்டு நினைச்சு நினைச்சு நாலு நாள் ஆரின்ரையோ சட்டையை அயர்ன் பண்ணினனான். இனி என்னாலை ஏலாது. பெட்டியை நான் தூக்கிறன். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ."