பானட்டை மூடிப் பார்த்தவள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினோரு வருடமாகக் கதை எழுதுகிறேன். நின்றுபோன எதுவும் என் எழுத்தால் இதுவரை கிளம்பியதில்லை. என் அக்கா கார் எலக்ட்ரீஷியன். அவள் கை வைத்தால் வண்டி கிளம்புகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா யாரைப் பற்றிப் பேசுவாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வரவர நானும் அவளைப் பற்றியேதான் பேசுகிறேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

அவள் கண்களை மூடி எஞ்சின் மேல் காதை வைத்தாள். எஞ்சின் தன் நோயை அவளிடம்

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. சாப்பிட்டுக்கொண்டே படித்த அக்கா தட்டை நகர்த்தினாள்.

"நான் என்ன குறி சொல்றவளாடா? ஓடுற எஞ்சின்ல காதை வச்சா காது வெந்துடும். மீட்டர் வச்சுப் பார்த்தேன்னு எழுது."

[மீட்டர்: மின்சாரம் எவ்வளவு வருகிறது என்று எண்ணில் காட்டும் கையடக்கப் பெட்டி. அக்காவின் கைப்பையில் சீப்பு இல்லாத நாள் உண்டு, இது இல்லாத நாள் கிடையாது.]

2

இரண்டாவது தொடக்கம், அக்காவின் அனுமதியோடு:

நர்ஸம்மாவின் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்துவிடும். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் புண் கட்டுகிறவர் அவர். கிளம்பி இருபது நிமிடம் ஒழுங்காக ஓடும். இருபத்திரண்டாவது நிமிடம் வாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சின் அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். மூன்று பட்டறைகள் பார்த்துக் கைவிட்ட பிறகு வண்டி அக்கா வேலை செய்யும் பட்டறைக்கு வந்தது.

அங்கே முதலாளி ஒருவர் இருக்கிறார். கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டதால் அவருக்குப் பெரிய மீசையும் பொம்பளைக்கு என்ன தெரியும் என்ற வசனமும் கொடுத்திருந்தேன். அக்கா இரண்டையும் அடித்துவிட்டாள்.

"ஹாரன், லைட்டு மாட்டிட்டிருந்த என்னை எஞ்சின் பக்கம் கூட்டிட்டு வந்ததே அவர்தான்டா. அதுக்கு ஆறு வருஷம் இழுத்தார், அதை வேணும்னா எழுது."

எழுதிவிட்டேன். மீசையை மட்டும் மனதுக்குள் வைத்துக்கொள்கிறேன்.

3

இந்தப் பகுதியை விட்டுவிடப் பார்த்தேன். இரண்டிலிருந்து நேராக நான்குக்குத் தாவினேன். அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

"நான் தப்பு பண்ணினது எங்க?"

"அது எதுக்குக்கா? உன்னைப் பெரிய ஆளாக் காட்டலாம்னு பார்த்தேன்."

"அந்தத் தப்பை எடுத்துட்டா நான் என்னத்தைக் கண்டுபிடிச்சேன்னு யாருக்குப் புரியும்? எழுதுடா."

சரி. முதல் தடவை அவள் தவறிழைத்தாள். எஞ்சின் சுற்றுவதைக் கவனித்துச் சொல்லும் சென்சர் கெட்டுவிட்டது என்று சொல்லி அதை மாற்றினாள். பிறகு பானட் என்கிற முன்மூடியைத் திறந்து வைத்து, பட்டறையிலேயே ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அணையவில்லை. நம்பிக்கையோடு வண்டியைக் கொடுத்தாள். மறுநாள் பாலத்தின் நட்டநடுவில் நின்றது. பின்னால் நாற்பது வண்டிகள் ஹாரன் அடிக்க, நர்ஸம்மா உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்கிறாள் அக்கா. "இன்னொரு தடவை இந்த வண்டி ரோட்டுல நின்னுச்சுன்னா, நீ பழையபடி ஹாரன், லைட்டோடயே இருந்துக்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆறு வருடம் ஏறிய படிக்கட்டு அது. நானும் ஆறுதல் சொல்லப் போகவில்லை. போயிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

4

திரும்பி வந்த நர்ஸம்மாவிடம் அக்கா மன்னிப்புக் கேட்டாள். அப்புறம், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்: நின்றதும் நீங்கள் என்ன செய்வீர்கள்?

"நான் என்னம்மா செய்யறது? யாராவது இறங்கி வந்து பானட்டைத் திறப்பாங்க. பத்து நிமிஷம் எட்டிப் பார்ப்பாங்க, ஒரு வயரை ஆட்டுவாங்க. கிளம்பிடும். ஒவ்வொருத்தரும் தான்தான் சரி பண்ணினதா நினைச்சுக்கிட்டுப் போவாங்க."

பானட்டைத் திறக்கப் போன அக்கா கையை எடுத்துக்கொண்டாள். [இங்கே "அவள் மூளைக்குள் மின்னல்" என்று தொடங்கி, நானே வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டேன்.]

மூன்று பட்டறைக்காரர்களும் அவளும் செய்த ஒரே தவறு அதுதான். மெக்கானிக் என்றால் முதல் வேலையே பானட்டைத் திறப்பது. திறந்ததும் உள்ளே காற்று புகுந்து சூடு இறங்குகிறது. சூட்டில் மட்டும் தலைகாட்டும் குறை ஒளிந்துகொள்கிறது. பார்க்க வந்தவர்கள் பார்த்த காரணத்தாலேயே அது கண்ணில் படவில்லை. தொழில் தெரிந்த கைதான் முதலில் செய்யும் தவறு இது.

அவள் மீட்டரின் வயர்களை உள்ளே மாட்டி, வைப்பருக்குப் பக்கத்து இடுக்கு வழியாக வெளியே எடுத்து, பானட்டை மூடினாள். சென்சர்களுக்கெல்லாம் ஐந்து வோல்ட் கொடுப்பது எஞ்சின் கம்ப்யூட்டர். பாட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தகரப் பெட்டி. அந்த வோல்ட் குறைகிறதா என்று சீட்டில் உட்கார்ந்து மீட்டர் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து, ஐந்து, ஐந்து. எஞ்சின் அணைந்தபோது மீட்டரில் இரண்டு.

5

"அப்பவே கம்ப்யூட்டர்னு சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"அவசரக்குடுக்கை மாதிரி பேசாத. ஏதாவது ஒரு சென்சர் ஷார்ட் ஆனாலும் அஞ்சு வோல்ட்டைக் கீழ இழுத்துடும். கம்ப்யூட்டர் மேல பழி போடறதுக்கு முன்னாடி மத்தவங்க அத்தனை பேரையும் விசாரிக்கணும்."

அதனால், சூடு ஆறுவதற்குள் சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் இரண்டுதான். பாட்டரியிலிருந்து பெட்டிக்கு வரும் மின்சாரம், எர்த், நடுவில் உள்ள வயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. மறுநாள் காலை, எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, எங்கள் வீட்டு ஹேர் டிரையரால் அந்தப் பெட்டிக்கு மட்டும் சூடு காட்டினாள். நான்காவது நிமிடம் எஞ்சின் அணைந்தது. பெட்டியின் மேல் ஈரத்துணி போட்டாள், கிளம்பியது. மறுபடி சூடு, மறுபடி அணைந்தது. முதலாளியைக் கூப்பிட்டு அவர் கையிலேயே டிரையரைக் கொடுத்தாள். அவரும் ஒரு தடவை சூடு காட்டி எஞ்சினை அணைத்துப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்தான்," என்றார்.

"ஆமா முதலாளி."

இவ்வளவுதான் பேச்சு. இதைவிடப் பெரிய வசனம் எதையும் என் கதைகளில் நான் எழுதியதில்லை. எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது, மறைப்பானேன்.

6

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மாட்டிச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசையவில்லை. முதலாளியின் முகம் விழுந்துவிட்டது.

"போச்சா?"

"போகல. இதுக்கு இந்தச் சாவியைத் தெரியாது. நம்மளைத் திருடன்னு நினைச்சு விடமாட்டேங்குது. பழைய பெட்டியோட ஞாபகத்தை இதுல ஏத்தணும்."

லாப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். அடுத்த தடவை திருப்பியதும் கிளம்பியது. (இந்தப் பகுதி இன்னும் நீளமாக இருந்தது. லாப்டாப் என்ற சொல்லைத் தவிர எல்லாமே தப்பு என்று சொல்லி அக்கா வெட்டிவிட்டாள்.)

7

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

முடிவு ஒன்று: வண்டி ஊரைச் சுற்றிவிட்டு நிற்காமல் திரும்புகிறது. முதலாளி எல்லோர் முன்னாலும் கைதட்டி, இனி எலக்ட்ரிக்கல் வேலை முழுக்க உன் பொறுப்பு என்கிறார். "அவர் கைதட்டி நான் பார்த்ததே இல்ல," என்றாள் அக்கா.

முடிவு இரண்டு: வண்டி அதே பாலத்தில் நிற்கிறது. சோகத்துக்கு ஒரு மரியாதை உண்டு என்பதால் எழுதினேன். அக்கா என்னை முறைத்த முறைப்பில் தாளை நானே கிழித்தேன்.

"அப்ப என்னதான் எழுதறது?"

"நான் எங்க இருந்தேனோ, அங்கேயே நிறுத்து."

நடந்தது எனக்குத் தெரியும். பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பானட் மூடியபடி, நர்ஸம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதலாளியே வண்டியை எடுத்தார். "நீயும் ஏறும்மா" என்றார். அக்கா ஏறவில்லை.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு அடுத்த வண்டி இருக்கு."

"நின்னாலும் போன் பண்றேன், நிக்கலைன்னாலும் பண்றேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அக்கா ஒரு வேனுக்கு அடியில் படுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றத் தொடங்கினாள். நான்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். பத்து நிமிடம். இருபது. வேனுக்கு அடியிலிருந்து போல்ட் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தது. கருவிப் பெட்டியின் மேல் இருந்த அவளுடைய போன் அடித்தது.

"அக்கா, போன்."

"அடிக்கட்டும். கையெல்லாம் கிரீஸ்."

"முதலாளிதான், அக்கா!"

"நான் பார்த்து முடிச்சாச்சுடா. அவங்க இப்பதான் பார்க்கிறாங்க."

போன் நிற்காமல் அடிக்கிறது. எனக்கோ தைரியம் இல்லை. உங்கள் கை சுத்தமாகத்தானே இருக்கிறது? நீங்கள் எடுங்கள்.