லாம் டீச்சரின் காகித வாரம்

என் மகள் ஆரணி நான்கு வயதுக்குள் சீனமொழி பேசத் தொடங்கிவிட்டாள். அதற்கு என் மொழிப்பற்று காரணம் இல்லை. லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்களுக்குக் கிட்டக் காலை ஏழரைக்குக் கதவு திறக்கும் பாலர் பள்ளி அது ஒன்றுதான். பெற்றோல் ஸ்டேஷனில் என் ஷிப்ட் எட்டு மணிக்கு. கவுன்சில் பள்ளியில் இடம் கிடைக்க ஒரு வருடம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள். ஹொங்கொங்கிலிருந்து வந்த லாம் டீச்சர் ஒரு தேவாலய மண்டபத்தில் அந்தப் பள்ளியை நடத்தினார். வாசற்படி தாண்டினால் சீனமொழி மட்டும்தான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று சேர்த்துவிட்டேன்.

அது 1992 செப்டம்பர். அதற்கு முந்திய மாதம்தான் என் மனைவி கமலாம்பிகை இறந்திருந்தாள். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு நின்றவள் தலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தது. ஆரணியிடம் நாங்கள் சொல்லவில்லை. ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் மனைவியின் அக்கா தவநாயகி தந்த யோசனை அது.

"சின்னப்பிள்ளை தாங்காது தம்பி. அம்மா ஊருக்குப் போட்டா, வருவா எண்டு சொல்லும். கொஞ்சம் வளரட்டும்."

அக்காவின் தலையில் பழியைப் போடுவானேன். சொல்வதற்கு எனக்குத்தான் தைரியம் இல்லை. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும், மாலை போட்ட அவளுடைய படத்தை அலுமாரிக்குள் உடுப்புகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். ஞாயிறு தோறும், "அம்மா போனிலை கதைச்சவ, உங்களைக் கேட்டவ" என்று அளந்துவிடுவேன். அவள் என்னைச் சிறிது நேரம் பார்ப்பாள். பிறகு "ஓம்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாள். நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆண்டுத்திவசம் முடியும்வரை எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. ஆனால் ஆரணியின் பையோடு கொண்டாட்டங்கள் வந்தபடியே இருந்தன. பள்ளியில் வாரத்துக்கு ஒரு பொருள். நிலா வாரத்தில் காகிதக் கூடு ஒன்று கொண்டுவந்தாள். பின்னேரம் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, உள்ளே டோர்ச் லைட்டை வைத்து, அறை அறையாக அதைக் காவிக்கொண்டு நடந்தாள். சுவரெல்லாம் மஞ்சள் வெளிச்சம் அசைந்தது. குளிர்சாதனப் பெட்டியும் கதிரைகளும் இடம்பெயர்ந்து எங்கோ போவதுபோல் இருந்தது. அடுத்தது காற்று வாரம், பிறகு அரிசி வாரம். அரைத்தூக்கத்தில் யாட், யீ, சாம் என்று எண்ணுவாள். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு, நான் கண்டிராத ஏதோ துறைமுகத்தில் எங்கள் கட்டில் மெல்ல ஆடிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். அந்த மாதங்களில் எனக்கு நிம்மதி என்று இருந்தது அது ஒன்றுதான்.

தை மாதம் சீனப் புத்தாண்டு. எங்கள் கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டினாள். கிழிக்க மனம் வரவில்லை. சீனச் சாமிக்குத் துடக்கு, தீட்டு ஒன்றும் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய பையில் பெற்றோருக்கான அறிவித்தல் கிடந்தது. காலையில் அவளை விடும்போது அதை எடுத்து என் சட்டைப்பைக்குள் வைத்தேன்; வாசித்தது பெற்றோல் ஸ்டேஷனில், பதினொரு மணிக்கு. இந்த வாரம் இறந்தவர்களை நினைக்கும் வாரம், அவர்களுக்காகப் பிள்ளைகள் செய்த காகிதப் பொருட்களை இன்று மதியம் முற்றத்தில் எரித்து அவர்களுக்கு அனுப்புவோம், விரும்பினால் வாருங்கள் என்று எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஷிப்டை மற்றவனிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மண்டப வாசலில் லாம் டீச்சரைக் கண்டதும் என்னுடைய ஆங்கிலத்தில் கத்தினேன்.

"பால் மணம் மாறாத பிள்ளைகளுக்குச் சாவைப் படிப்பிக்கிறீர்களா? என் மகளுக்கு என்ன சொன்னீர்கள்?"

அவர் கதவை மெல்லச் சாத்தினார்.

"நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். புத்தாண்டு விருந்துக்கு யார் யார் வருவார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டேன். அம்மா வரமாட்டாள், செத்துவிட்டாள் என்றாள். எங்கள் மொழியில்தான் சொன்னாள். புத்தாண்டில் அந்தச் சொல்லை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. அதற்கென்று ஏப்ரலில் ஒரு வாரம் இருக்கிறது, அதுவரை பொறு என்று மடியில் வைத்துச் சொன்னேன். அன்றிலிருந்து எத்தனை வாரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அலுமாரியில் பூமாலை போட்ட படம் இருக்கிறதாம். உங்கள் ஆட்கள் உயிரோடு இருப்பவர்களின் படத்துக்கு மாலை போடமாட்டார்களாம். பெரியம்மா வீட்டில் செத்தவர்களின் படங்களில் மட்டும் மாலை இருப்பதைப் பார்த்திருக்கிறாள்."

பூட்டின திறப்பை அலுமாரிப் பூட்டிலேயே விட்டுவைத்தவன் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன்.

"பிறகு ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என் குரல் இறங்கிவிட்டது.

லாம் டீச்சர் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அப்பாவுக்குத் தெரியாது, அம்மா திரும்பி வருவாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், தெரிந்தால் தாங்கமாட்டார் என்றாள். நீங்களும் பள்ளிப் படிவத்தில், தாய் வெளிநாட்டில் இருக்கிறார் என்றுதானே எழுதியிருந்தீர்கள்."

முற்றத்தில் ஒரு தகர வாளியில் நெருப்பு மெல்லிதாக எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். சாம்பல் துணுக்குகள் அவசரமில்லாமல் மேலே ஏறி, தேவாலயக் கூரைக்கு அப்பால் மறைந்தன. ஆரணியின் கையில் வெள்ளைக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய ஒரு சோடி காலுறை. கமலாம்பிகைக்கு ஆடி மாதத்திலும் கால் குளிரும். என்னைக் கண்டதும் ஆரணி அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அவளுக்கு முன்னால் முழந்தாளிட்டேன். எட்டு மாதமாக மறைத்ததைத் தமிழில் சொன்னேன்.

"பிள்ளை, அம்மா செத்துப்போனா."

அவள் முகம் சிவந்தது. எனக்கு வரும் அதே கோபம். டீச்சரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

இருபது சீனப் பிள்ளைகளுக்கு முன்னால் விம்மி விம்மி அழுதேன். அவள் வெட்கப்படவில்லை. சட்டைக் கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு காலுறைகளைப் பிரித்து ஒன்றை என் கையில் வைத்தாள்.

"ஒண்டை நீங்கள் போடுங்கோ அப்பா. கை சுடும், கவனம்."