பார்த்ததை மட்டும்

மருத்துவர் அவன் மனைவியைப் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொன்ன மறுநாளே அத்தை வந்து இறங்கிவிட்டார். ஒரு பெட்டி, ஒரு தையல் மிஷின். எத்தனை நாள் தங்குவார் என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நாலு நாளில் திரும்பிப் போகிறவர்கள் இல்லை என்பது மட்டும் புரிந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அத்தை அவனுடைய மாமியார். பெண்களுக்குத் துணி தைக்கிறவர். மகள் தானாகவே பார்த்து முடிவு செய்த கல்யாணம் அது. அத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆதரித்தும் பேசவில்லை. அன்றைக்கு மூடிய வாயை மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் இன்னும் திறக்கவில்லை. "சாப்பாடு எடுத்து வச்சாச்சு" என்று குளிர்சாதனப் பெட்டியிடம் சொல்வார். "இதோ வர்றேன்" என்று அவன் தட்டிடம் சொல்வான். நேரடியாகக் கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால், "அவருக்கு இன்னும் வேணுமான்னு கேளும்மா" என்று படுக்கையறைப் பக்கம் குரல் போகும். மகள் படுத்தபடியே கத்துவாள்: "ஏங்க, இன்னும் வேணுமான்னு கேக்குறாங்க!" கேட்டவரும் கேட்கப்பட்டவரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

மகளுக்கு இதற்கு முன் இரண்டு தரம் கரு தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். கதவுகளைச் சத்தமில்லாமல் சாத்தினார்கள்.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வார நாட்களில் ஊரார் கண்ணைப் பார்ப்பாள், ஞாயிற்றுக்கிழமைகளில் குருவிகளைப் பார்ப்பாள். ஊர் ஓரத்தில், செங்கல் சூளைக்காக மண் தோண்டிய பெரிய பள்ளம் ஒன்று தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. சுற்றிலும் மரங்கள் தாமாகவே வளர்ந்தன. அதை வேலி போட்டுச் சின்னக் காப்பகம் ஆக்கியிருந்தார்கள். அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து குப்பை அள்ளி, நாணல் நட்டு, பறவை பார்க்க மரப்பலகையால் ஒரு குடில் கட்டினார்கள். அந்தக் குளிர் நாட்டில் இப்போது இலையுதிர் காலம். அவளோ அலமாரிக் கதவைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"இப்பதாங்க எல்லாம் நல்லாத் தெரியும். மறைக்க இலை இருக்காது" என்றாள் ஒரு சனிக்கிழமை. "நாளைக்கு நீங்களும் அம்மாவும் போய் என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான். நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கிற சத்தத்துல எனக்குத் தூக்கமே வரல."

எதிர் வீட்டு நர்ஸ் துணைக்கு வந்து உட்கார்ந்துகொள்ள, மாமியாரும் மருமகனும் கம்பெனி வேனில் கிளம்பினார்கள். போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. வேனை விட்டு இருவரும் இறங்கவில்லை. ஃப்ளாஸ்கில் இருந்த தேநீரைக் குடித்தார்கள். கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தார்கள். தேநீர் தீர்ந்ததும் திரும்பிவிட்டார்கள்.

தலையணையில் சாய்ந்து காத்திருந்தவள், "என்ன பாத்தீங்க?" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அத்தை முந்திக்கொண்டார்.

"மான்."

"ஆமா, மான்" என்றான் அவன். "ரெண்டு."

"ரெண்டு" என்றார் அத்தை.

இத்தனை வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அவள் முதலில் சிரித்தாள். "அந்த இடத்தைச் சுத்தி வர்றதுக்குள்ள ஒரு பாட்டுகூட முடியாது. சுத்தியும் ரோடு. அங்க மானா?" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எல்லாரும் என்கிட்ட நல்லதா மட்டும் சொல்றீங்க. ஸ்கேன் எடுக்குற பொண்ணு சிரிக்கிறா. டாக்டர் தட்டிக் குடுக்குறார். நீங்க மான்ங்கிறீங்க. எது நெசம், எது எனக்காகச் சொல்றதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணும் பாக்கலன்னா, ஒண்ணும் பாக்கலன்னு சொல்லுங்களேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தை போர்வையின் ஓரத்தை நேர் செய்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு இருவரும் குடிலில் போய் உட்கார்ந்தார்கள். திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். ஒரு காக்கா. முள்ளில் மாட்டிய பிளாஸ்டிக் பை. புதருக்குப் புதர் சிலந்தி வலை, அதில் பனித்துளி. அவ்வளவுதான். அவள் வலைகளைப் பற்றி மட்டும் விடாமல் கேட்டாள். வட்டமா, விரிப்பு மாதிரியா, நடுவில் பூச்சி இருந்ததா? கேட்டுவிட்டு நன்றாகத் தூங்கினாள்.

அதன் பிறகு போகப்போகக் கண் பழகியது. வால் நுனி வெள்ளையான ஒரு நரி பட்டப்பகலில் பாதையைக் கடந்து, இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போயிற்று. ஒரு முள்ளெலி காய்ந்த இலைகளை வாயால் கவ்விக்கவ்வி விறகுக் குவியலுக்குள் இழுத்துப் போனது. குளிருக்குப் படுக்கை போடுகிறது என்று மகள் விளக்கினாள். எதற்கும் பெயர் தெரியாததால் இருவரும் அவரவர் பாஷையில் சொன்னார்கள்.

"வாத்துதான், ஆனா சின்னது" என்றார் அத்தை ஒருநாள். "தலை செம்பழுப்பு. கண்ணுலேருந்து பின்னால வரைக்கும் பச்சைப் பட்டுல ஒரு பட்டை வச்சுத் தச்சிருக்கு. ஓரத்துல மெல்லிசா கிரீம் கலர் பைப்பிங். நான் தச்சிருந்தாக்கூட அவ்வளவு சுத்தமா வந்திருக்காது."

"சத்தம்?" என்று அவள் கணவனைப் பார்த்தாள்.

"வாத்து மாதிரியே கத்தல. லிஃப்ட் மாடிக்கு வந்ததும் ஒரு மணி அடிக்கும்ல, அந்த மாதிரி. சின்னதா, ஒரு தடவை."

அவள் கையைத் தட்டினாள். "கிளுவை! வடக்கேருந்து வந்து சேந்துடுச்சு! எத்தனை தூரம் பறந்து வந்திருக்கு தெரியுமா?"

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அத்தை குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து, "மணிச் சத்தம்னு சொன்னது சரிதான். எனக்கு அது தோணல" என்றார். பாராட்டு பெட்டிக்கு இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

மரங்கள் முக்கால்வாசி மொட்டையான சமயம், ஒரு சனிக்கிழமை மாலை, அவளுக்கு ரத்தம் பட்டது. அவளைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையின் துடிப்பு சீராக இருக்கிறது, ஆனால் இங்கேயே வைத்துக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காலையில், மருத்துவர்கள் சுற்று வரும் நேரம் என்று இருவரையும் வெளியே அனுப்பினார்கள். மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுவார்களாம்.

அவன் வேனைக் கிளப்பினான். வீட்டுக்குத் திரும்பும் சாலையில் திரும்பாமல் வேன் நேராகப் போய்க் குளக்கரையில் நின்றது.

குடிலுக்குள் ஈர மரத்தின் வாசனை. வெளியே காற்றே இல்லை. அத்தை பையிலிருந்து ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை நீட்டினார்.

"நேத்திக்கு மத்தியானத்துலேருந்து நீங்க எதுவும் சாப்பிடல, மாப்பிள்ளை."

சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை, அவனைப் பார்த்துச் சொன்னார். அவன் ரொட்டியை வாங்கிக்கொண்டான். கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"பயமா இருக்கு அத்தை" என்றான்.

"எனக்கும்தான்." அவர் மூக்கை உறிஞ்சினார். "நல்லபடியா முடியும்னு உங்களுக்குச் சொல்லலாம். ஆனா எனக்கே தெரியாததை உங்களுக்கு எப்படிச் சொல்றது?"

"சொல்லாதீங்க. பக்கத்துல உக்காந்திருங்க, போதும்."

உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி மெல்ல மெல்ல இறங்கியது. அப்போதுதான் அவனுக்கு ஒரு சத்தம் கேட்டது. யாரோ காய்ந்த குச்சியை ஒடிப்பதுபோல், நறுக் நறுக்கென்று. அவன் அத்தையின் கையைத் தொட்டுக் காட்டினான்.

எதிர்க்கரையில் விழுந்து கிடந்த மரத்தின்மேல், நனைந்து பளபளக்கும் ஒரு நீண்ட உடம்பு. முன்கால்களால் மீனைப் பிடித்துக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து கடித்துத் தின்றுகொண்டிருந்தது. தட்டைத் தலை, பூனைக்கு இருப்பதுபோல் மீசை. நீர்நாய். அந்தக் குளத்துக்கு அது ஒருநாள் வரும் என்று நம்பித்தான் அவன் மனைவியும் மற்றவர்களும் வருடக்கணக்காகத் தண்ணீரைச் சுத்தம் செய்து வந்தார்கள். ஒரு தடவைகூட வந்ததில்லை.

நாணலுக்குள்ளிருந்து கீச் கீச்சென்று விசில் சத்தம். நீர்நாய் தலையைத் தூக்கியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குட்டிகள் வந்தன. மீனுக்காக ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விழுந்து, முங்கி, மறுபடி ஏறின. தாய், மீனை அவற்றிடம் விட்டுவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டது. பிறகு, யாரோ விளக்கை அணைத்ததுபோல், எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் மறைந்தன. குமிழிகள் மட்டும் ஒரு கோடாக நகர்ந்துபோயின.

அத்தை அவனுடைய கையை விடவே இல்லை.

வேனில் ஏறிய பிறகுதான் இருவருக்கும் சங்கடம் உறைத்தது.

"சொன்னா நம்பமாட்டா" என்றான் அவன். "அவளைத் தேத்துறதுக்காக ஜோடிச்ச கதைன்னு நினைப்பா. அதுவும் குட்டியோடன்னு சொன்னா!"

"கண்ணால பாத்ததைச் சொல்றதுக்கு என்ன?"

"மானைக் கொண்டுவந்த வாய்தானே அத்தை இது."

அத்தை மடியில் கிடந்த ரொட்டித் துகள்களைத் தட்டிவிட்டார். பிறகு, "நம்பினா நம்பட்டும், திட்டினா திட்டட்டும். மறைச்சா அதுவும் பொய்தான்" என்றார்.

வார்டில் அவள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கையில் ஊசி ஏற்றியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள்.

பிறகு கணவனை விசாரித்தாள். கடையில் கண் பரிசோதிக்கிற அதே குரல். வால் அடியில் பருமனா, ஒரே சீரா? நீந்தும்போது முதுகு தெரிந்ததா, தலை மட்டுமா? குட்டிகளின் சத்தம் எப்படி?

"எண்ணெய் போடாத கப்பி சுத்துற மாதிரி. கீச், கீச்னு."

அவனை அனுப்பிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அவன் நடைவழியில் நின்று, அங்கிருந்த லிஃப்ட் இரண்டாம் மாடியில் லேசாகக் குலுங்கி நிற்பதைக் கவனித்தான். பிரேக் பார்க்க வேண்டும். உள்ளே அத்தையின் குரல் கேட்டது. "நனைஞ்ச வெல்வெட்டும்மா. மேல காப்பிப்பொடி நிறம். தொண்டைக்கிட்ட வெளிர் லைனிங்."

கடைசியில் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்தாள்.

"குட்டி எத்தனை?"

"ரெண்டு" என்றார் அத்தை.

"மூணு" என்றான் அவன், அதே நேரத்தில்.

"என்ன மாப்பிள்ளை, ரெண்டுதானே! ஒண்ணு முங்கி இந்தப் பக்கம் எழுந்துச்சு. அதை நீங்க மறுபடி எண்ணிட்டீங்க."

"இல்லத்தை, மீனை இழுத்தது ரெண்டு, நாணல் ஓரமா ஒண்ணு தனியா நின்னுச்சு. உங்க பக்கம் தூண் மறைச்சிருக்கும்."

"ஊசியில நூல் கோக்குற கண்ணு இது. எனக்குத் தெரியாதா?"

"காது உங்களுக்கு இல்லையே அத்தை. மூணு விசில் கேட்டுச்சு!"

பக்கத்துக் கட்டில்காரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். வார்டு நர்ஸ் வாசலில் நின்று முறைத்தார். அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கக்கூடாதே என்று பயந்து பயந்து சிரித்தாள்.

"பொய்யா இருந்தா ரெண்டு பேரும் ஒண்ணு போல சொல்லியிருப்பீங்க" என்றாள். "வந்துடுச்சா? நெஜமாவே வந்துடுச்சா?"

"வந்துடுச்சும்மா" என்றார் அத்தை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஊசி ஏறாத கையால் வயிற்றைத் தொட்டு, ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள்.

அந்த வாரமே மற்ற தன்னார்வலர்கள் போய்ச் சேற்றில் கால்தடம் பார்த்துவிட்டார்கள். பெரிய தடம் ஒன்று, சின்னத் தடங்கள் நிறைய. எத்தனை குட்டி என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. வீட்டில் அந்த வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. காலையில் அத்தை "ரெண்டு" என்று சொல்லித் தட்டை வைப்பார், அவன் "மூணு" என்று சொல்லி எடுத்துக்கொள்வான்.

ரத்தம் நின்றது. ஒரு வாரம் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பயப்பட வேண்டிய வாரங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. மருத்துவர் இந்த முறை தட்டிக் கொடுக்கவில்லை. ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டி, இது நன்றாக இருக்கிறது, இதை இன்னும் கவனிக்க வேண்டும் என்று புட்டுப்புட்டு வைத்தார். அப்படிச் சொல்லும்படி அவள்தான் கேட்டிருந்தாள். கடைசியில், சக்கர நாற்காலியில் அரை மணி நேரம் வெளியே போகலாம் என்று அனுமதி கிடைத்தது.

போன அன்று ஒரே மூடுபனி. குளமே தெரியவில்லை. பாதையில் பாதி தூரத்தில் நாற்காலிச் சக்கரம் சேற்றில் புதைந்துகொண்டது. அவன் பின்னாலிருந்து தள்ள, அத்தை முன்னாலிருந்து இழுக்க, அவள் நடுவில் உட்கார்ந்து இருவரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ஷ்ஷ்" என்றாள்.

தலைக்கு மேலே, பனிக்கு அப்பால், காட்டு வாத்துக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குரல்கள் மட்டும், ஒன்று கூப்பிட ஒன்று பதில் சொல்ல, ஒரு திசையிலிருந்து இன்னொரு திசைக்கு நகர்ந்தன. மூவரும் வாயைப் பிளந்து வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழந்தை அடுத்த மாதம் பிறந்தது. பெண். எடைதான் கொஞ்சம் குறைவு, குரலில் ஒரு குறையும் இல்லை.