பேர் தெரிந்த பிறகு

செங்கல்பட்டு பஜாரில் காஜா மொய்தீனின் இரும்புக்கடைக்கு வருகிறவர்கள், கல்லாவில் அவருடைய தம்பி அப்துல் மாலிக் உட்கார்ந்திருந்தால், டீ குடித்துவிட்டு அப்புறம் வரலாம் என்று நகர்ந்துவிடுவார்கள். மாலிக் கெட்டவன் இல்லை. யாரையும் ஏமாற்றியதில்லை. ஆனால் அவனிடம் பேசிவிட்டுப் போகிற எவரும் முகம் வாடித்தான் போனார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். பழைய வாடிக்கைக்காரர் மூர்த்தி வந்து, "அப்பா தவறிட்டாரு மாலிக். அவரு ரூமைப் பூட்டி வெக்கலாம்னு, ஒரு பூட்டு குடு" என்றார்.

"எந்த சைஸ்?" என்று கேட்டான் மாலிக்.

மூர்த்தி பூட்டு வாங்காமலே படியிறங்கிப் போனார். பின்கட்டிலிருந்து காஜா மொய்தீன் ஓடிவந்தார்.

"ஒருத்தன் அப்பன் செத்துட்டான்னு வந்து நிக்கிறான். நீ இன்னாடா சைஸ் கேட்டுகினு கீறே?"

"அவரு பூட்டுதானே கேட்டாரு?"

"திமிரு. உடம்பு பூரா திமிரு உனக்கு."

முப்பத்தெட்டு வயதுக்குள் மாலிக் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னார், மதரஸாவில் அஸ்ரத் சொன்னார், பெண் வீட்டார் சொன்னார்கள். மூர்த்தியிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியாமல் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது முழு வாக்கியமாக வந்தது: 'அடடா, எப்போண்ணே? நல்ல மனுசன் ஆச்சே.' அப்போது அதை யாரிடம் சொல்வது? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை அவனும் அவன் மனைவி ஜஹனாராவும் மகள் ஷஹர்பானுவை டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். ராமானுஜம் என்ற அந்தக் குழந்தை டாக்டர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதராஸிலிருந்து வந்து, ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் உட்காருவார். பானுவுக்கு ஏழு வயது. பேச்செல்லாம் கணீரென்று வரும். ஆனால் மற்ற பிள்ளைகளோடு சேரமாட்டாள். பள்ளிக்கூட மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் போய்விடுவாள்.

டாக்டர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். ஜஹனாரா பதில் சொன்னாள்.

"சத்தம்னா ஆகாதா?"

"ஆகவே ஆகாதுங்க."

"எனக்கும் ஆகாது டாக்டர்" என்றான் மாலிக்.

"புதுத் துணி போட்டா?"

"கழட்டிப் போட்டுடுவா."

"எனக்கும் அரிக்கும். துவைச்சுத் துவைச்சு நைஞ்ச சட்டைதான் போடுவேன்."

"யாராவது கட்டிப் பிடிச்சா?"

"எனக்கு..." என்று அவன் ஆரம்பிக்க, மேஜைக்கடியில் ஜஹனாரா அவன் காலை மிதித்தாள்.

"ஏன் மிதிக்கிறே?" என்று சத்தமாகவே கேட்டான் அவன். அவள் முந்தானையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இதை ஆட்டிசம்னு சொல்றாங்க. அதுல பேச்சு நன்னா வந்து, மத்தவங்களோட ஒட்ட மட்டும் முடியாத ஒரு வகை உண்டு. வியன்னாவுல ஒரு டாக்டர் ரொம்ப வருஷம் முன்னாடியே எழுதியிருக்கார். நம்ம பக்கம் இன்னும் யாரும் பேசறதில்லை. வளர்ப்புக் கோளாறு இல்லம்மா. குழந்தை பிறவியே அப்படி."

மாலிக்குக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அந்தப் புள்ளைங்க பெருசானா இன்னா ஆவாங்க டாக்டர்?"

"அதைப் பத்தி யாரும் அதிகமா எழுதலை."

"நான் பெருசாயிட்டேன் டாக்டர். நான் அதுதான்."

டாக்டர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "குழந்தைக்கு ஒண்ணு சொன்னா, தனக்கும் அது இருக்கறதாத்தான் அப்பாக்கள் நினைப்பாங்க. கல்யாணம் ஆயிருக்கு, கடை இருக்கு, குழந்தை இருக்கு. உங்களுக்கு என்னய்யா குறை?"

அதில் ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு எப்படிச் செய்தான் என்று சொல்ல மாலிக்குக்கு நெஞ்சு முட்ட ஆத்திரம் வந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டான்.

வெளியே பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அக்காள் மகளைக் காட்ட வந்தவன். பேர் தர்மராஜ், கல்பாக்கத்தில் மின்சார வேலை. மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. வணக்கம், கிணக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"பேசறப்போ ஆளுங்க கண்ணைப் பாப்பியா, புருவத்தைப் பாப்பியா?"

மாலிக் ஆடிப்போனான். கண்ணைப் பார்க்க முடியாமல் புருவத்தைப் பார்க்கப் பழகியது அவனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மனைவிக்குக்கூடத் தெரியாது.

"புருவம்."

"நான் மூக்கு" என்றான் தர்மராஜ். "போன மாசம் நானும் அவருகிட்ட, எனக்கும் அதுதானான்னு கேட்டேன். இதே சிரிப்புதான் சிரிச்சாரு."

தர்மராஜ் சொன்னபடி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலிக் பஸ் ஏறி மகாபலிபுரம் போனான். தங்களைப் போன்றவள்தான் என்று சொல்லி, தர்மராஜ் தன் பெரியம்மா மகள் ஞானம்பாளையும் வரவழைத்திருந்தான். செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்பவள், நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவள். சங்கு விற்கிறவர்களும் வெள்ளைக்காரர்களும் நிற்கிற இடத்தைத் தாண்டி, மீனவர்கள் வலை காயப்போடும் பக்கம் மூன்று பேரும் கடலைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க" என்றாள் ஞானம்பாள். "சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும், ஆனா பிடிக்காதுன்னேன். அதோட போயிட்டாங்க. நான் என்ன தப்பா சொல்லிட்டேன்னு இன்னிவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லலை."

"தப்பே இல்லியே" என்றான் மாலிக். தர்மராஜும் யோசித்துப் பார்த்துவிட்டு, தப்பில்லை என்றான். மூவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மற்றவர்களோடு சரியான நேரத்தில் சிரித்து மாலிக்குக்குப் பழக்கமே இல்லை.

"எங்க அத்தா மௌத்தானப்போ நான் அழல" என்றான் அவன். "மய்யித்தைத் தூக்கறாங்க, தூக்கிப் போற சந்தூக்குப் பெட்டில ஒரு கீலு லூசா கீதுன்னு அதையே பாத்துகினு இருந்தேன். கல்நெஞ்சக்காரன்னாங்க. ஒரு வருசம் கழிச்சு அவரு கண்ணாடிக்கூடு கைக்கு ஆப்பட்டுச்சு. அன்னிக்குக் கடைக்குள்ளயே உக்காந்து அழுதேன். அப்போ எல்லாரும் சிரிச்சாங்க."

"எனக்கு எங்கம்மா" என்றான் தர்மராஜ். "அழுகை வர ஒரு வருசத்துக்கும் மேல ஆச்சு."

ஞானம்பாள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்புறம் தர்மராஜ் பீங்கான் இன்சுலேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். வெயில் ஏறியும் நிறுத்தவில்லை. கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தபோது மாலிக்குக்குச் சுரீரென்றது. கீலையும் தாழ்ப்பாளையும் பற்றி தான் பேசும்போது வாடிக்கைக்காரர்கள் இப்படித்தானே நின்றிருப்பார்கள்?

திரும்பி வரும் பஸ்ஸில் அவனுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் பொங்கியது. இத்தனை வருஷம் அடியும் ஏச்சும் வாங்கியாயிற்று. எவனாவது ஒருத்தன் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

சரி, இப்போதாவது சொல்லுவோம் என்று அண்ணனிடம் போனான். அவர் மகள் நிக்காஹுக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது சித்தப்பாவான மாலிக்கின் வேலை என்று முடிவாகியிருந்தது.

"அண்ணே, என்னால அது ஆவாது. நான் பிறவியே அப்படி. டாக்டர் அதுக்கு ஒரு பேர்கூடச் சொன்னாரு. கல்பாக்கத்து தர்மராஜும் அப்படித்தான்."

"அந்தக் கல்பாக்கத்தான் ஏத்தி உட்டானா?" காஜா மொய்தீன் கையிலிருந்த பந்தல் கயிற்றைக் கீழே எறிந்தார். "திமிருக்கு இப்போ இங்கிலீஷ்ல பேரு வேறயா? என் பொண்ணு கல்யாணத்துல வாசல்ல நிக்க உனக்கு வலிக்குதா?"

"வலிக்குதுண்ணே" என்றான் மாலிக். அவன் உண்மையைத்தான் சொன்னான். அண்ணன் கையை ஓங்கிவிட்டு இறக்கிக்கொண்டார்.

நிக்காஹ் அன்று அவனை வாசலில்தான் நிறுத்தினார்கள். தலைக்கு நேர்மேலே ஒலிபெருக்கி அலறியது. புதுச் சட்டைக் காலர் கழுத்தை அறுத்தது. "வாங்க, வாங்க" என்று புருவம் புருவமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளையின் பெரியப்பா, உடம்பெல்லாம் அத்தர் மணக்க, வந்த வேகத்தில் அவனைக் கட்டிப்பிடித்தார். ஒருமுறை பொறுத்தான். தோள் மாற்றி இரண்டாவது முறையும் பொறுத்தான். மூன்றாவது முறை அவனையறியாமல் கைகள் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டன. பெரியவர் பன்னீர்ச் செம்பைத் தட்டிவிட்டு நாற்காலிமேல் போய் விழுந்தார்.

அதன்பின் நடந்த கூச்சலில் பாதி மாலிக்கின் காதில் ஏறவில்லை. மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் இறக்கிவிட்டு நின்ற லாரியின் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் ஜஹனாரா வந்தாள்.

"முன்னாடியே சொன்னேன் அண்ணன்கிட்ட" என்றான்.

"சொன்னீங்க. யாருக்குப் புரிஞ்சுது?" என்றாள். "உங்களுக்கு மட்டும்தான் கஷ்டமா? கட்டிகினு வந்த நாள்லேருந்து ஊரெல்லாம் உங்களுக்காக நான்தான் மன்னிப்புக் கேட்டுகினு கீறேன். இப்போகூட அந்தப் பெரியவர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வர்றேன்."

இந்தக் கணக்கில் அவளும் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை. டாக்டர் சொன்ன பேரை வைத்துக்கொண்டு அவளிடம் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

"நம்ம பானுவும் இப்படித்தான் ஆவாளா?" என்று கேட்டாள்.

"ஆவா."

"அப்போ நான் இன்னா பண்றது? சொல்லுங்க. எனக்கு நிஜமாவே தெரியல."

அவனிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. "ஆவாதுன்னு அவ சொன்னா நம்பு" என்றான். "வேற ஒண்ணும் வேணாம்."

ஜஹனாரா அவன் பக்கத்தில், மேலே படாமல் இடம்விட்டு உட்கார்ந்தாள்.

மறு வாரமே காஜா மொய்தீன் தம்பியைக் கல்லாவிலிருந்து எழுப்பி, பின்பக்கக் குடோனுக்கு அனுப்பிவிட்டார். கேட்டவர்களிடம், "அவனுக்கு மூளை கொஞ்சம் சரியில்லை" என்றார். குடோனில் ஆள் நடமாட்டம் இல்லை, சத்தம் இல்லை. பெட்டி பெட்டியாகத் திருகாணியும் கீலும்தான். பல வருஷமாக மாலிக் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத இடம் அது. நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் அண்ணன் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பான். தண்டனையாகக் கிடைத்ததை எப்படிக் கொண்டாடுவது?

வேலை பிடித்திருந்தது. அதுவே அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அண்ணன் குடோனுக்குள் வரும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு, "எனக்கு மூளை நல்லாத்தான் கீது" என்று சொல்லிப் பார்த்தான். அவர் சாமானை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த தடவை வந்தபோதும் சொன்னான்.