முப்பது நொடிப் பேரம்

செத்துப்போன அம்மாவின் குரலுக்கு விலை, நிமிஷத்துக்கு முந்நூற்றைம்பது. இரைச்சலை நீக்கித் தர வேண்டுமென்றால் மேலே நூறு. வாடிக்கையாளரின் கண் கலங்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் விலையைச் சொல்லும்போதே இருபது ஏற்றித்தான் சொல்லியிருப்பார்கள். பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் அந்தக் கடையின் முதலாளிக்குத் தெருவில் 'தள்ளுபடி' என்று பெயர் விழுந்தது அப்படித்தான். கடைக்குப் புரோகிராம் எழுதித் தருகிறவளுக்கு அவர் சித்தப்பா.

முன்னால் கண்ணாடி மேஜை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, பின்னால் மூன்று கம்ப்யூட்டர். அவற்றை ஓட்டுகிறவனைக் காதில் மாட்டியிருப்பதை வைத்தே 'ஹெட்போன்' என்று கூப்பிடுவார்கள். டேப் உரசி ஓடும் ஹெட்டைத் துடைக்க ஒரு டப்பா நிறையப் பஞ்சுக்குச்சி வாங்கி வைத்திருந்தான். அதை எடுத்துத் தள்ளுபடி காது குடைவார். குடைந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மறுமுனையையும் வீணாக்காமல் குடைந்து முடித்த பிறகுதான் குச்சி குப்பைக் கூடைக்குப் போகும். அவள் அந்த நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொள்வாள்.

இரைச்சல் நீக்கும் புரோகிராம் அடிக்கடி உறைந்துபோகும். திரையில் அதன் ஜன்னல் வெளுத்து, மேலே 'பதில் இல்லை' என்று எழுதி நிற்கும். ஹெட்போன் கவனிக்க மாட்டான். கேசட்டுகள் வரிசையில் கிடக்கும்.

"இப்படித் தொங்குறதையெல்லாம் தானா முடிச்சு விடுற மாதிரி ஒண்ணு எழுதும்மா" என்றார் சித்தப்பா.

எழுதினாள். ஓடுகிற புரோகிராமை இன்னொரு புரோகிராம் நிறுத்த ஆபரேட்டிங் சிஸ்டம் இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, வாசலில் நின்று 'கடையைக் கட்டுகிறாயா?' என்று கேட்பது. உள்ளே இருப்பது கையிலுள்ளதைச் சேமித்துவிட்டுத் தானாக வெளியே வரும். மற்றதில் கேள்வியே இல்லை, கழுத்தில் ஒரே போடு. சேமிக்காதது போனதுதான். பதில் சொல்லாததெல்லாம் செத்துவிட்டதாகவும் அர்த்தமில்லை. கை நிறைய வேலை இருப்பதும் கூப்பிட்டால் திரும்பாது. ஆகவே அவள் முதலில் கேட்டு, முப்பது நொடி காத்து, உள்ளே வேலை ஓடுகிறதா என்று பார்த்து, அசைவே இல்லையென்றால் மட்டும் போடும்படி எழுதியிருந்தாள். ஹெட்போன் அதற்கு 'சங்கு' என்று பெயர் வைத்தான்.

தள்ளுபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"முப்பது செகண்டா? அஞ்சு போடு."

"இருபத்தஞ்சு சித்தப்பா. அதுக்குக் கீழ கட்டாது."

"கட்டாதாம். நீ என்ன சரக்கா கொள்முதல் பண்ணின? அஞ்சு."

"பதினஞ்சு. ஆனா வேலை ஓடுதான்னு பாக்குறதை எடுக்க மாட்டேன்."

"அதைத்தான் மொதல்ல எடுக்கணும். செத்தவனுக்கு நாடி பிடிச்சுக்கிட்டு. வெளுத்துச்சா, ஒரே போடு. அது பாதியில போட்டு வைக்கிற ஃபைலையும் கையோட அழிச்சுடு, டிஸ்க்கு நிறையுது."

"அதுலதான் சித்தப்பா சேமிக்காததெல்லாம் இருக்கும்..."

"உங்கப்பாவுக்குப் போன் போடட்டுமா? உன் பொண்ணுக்கு என் கடை வசதிப்படலையாம், வேற இடம் பாருன்னு?"

சொல்லிக்கொண்டே சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குலுக்கினார். அவள் அதைப் பார்க்காமல் பூஜ்ய நொடிக்கு முடித்துக் கொடுத்தாள். திரிந்த பாலைக் குடித்துவிட்ட மாதிரி நாள் முழுக்க வாய் புளித்தது.

அடுத்த வாரம் ஒரு நர்ஸ் வந்தாள். ஆஸ்பத்திரி உடுப்போடு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரே ஒரு கேசட்டோடு. அப்பா வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் அம்மா பேசித் தபாலில் அனுப்பியது. அந்த வருஷமே அம்மா போய்விட்டாள். நர்ஸுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. அப்பா கேசட்டை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். இப்போது அவரும் இல்லை.

"எங்கம்மா பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள். கண் கலங்கவில்லை. தள்ளுபடி கிடைக்கவில்லை.

ஹெட்போன் கேசட்டை மோந்து பார்த்து முகம் சுளித்தான். "சத்தம் பதிஞ்ச பொடியைப் பிடிச்சிருக்கிற பசை விட்டுப்போச்சு அக்கா. ஒரு தடவைதான் ஓடும். ஓட ஓட உதிர்ந்துடும்."

ஓடியது. பதினொரு நிமிஷம். முழுவதும் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டது. டேப் கண்ணாடியாக வெளுத்து, ஹெட்டின் மேல் பழுப்புப் பொடி படிந்தது. அங்கேயே சேமித்திருக்கலாம். ஹெட்போன் வழக்கம்போல முதலில் இரைச்சல் நீக்கும் பொத்தானை அழுத்தினான். கனமான வேலை. ஜன்னல் வெளுத்தது. சங்கு வந்தது, ஒரே போடு, பாதி ஃபைலையும் துடைத்துவிட்டுப் போனது. அவள் எழுதிக் கொடுத்தபடியே, ஒரு பிசகில்லாமல்.

"அக்கா" என்றான் ஹெட்போன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

தள்ளுபடி வந்து விஷயத்தைக் கேட்டார். ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்து ஹெட்டிலிருந்த பொடியைத் துடைத்து, பார்த்து, கூடையில் போட்டார்.

"அந்தம்மா குரலை இந்தப் பொண்ணு கேட்டதே இல்லைன்னுதானே சொன்னா?"

"ஆமா."

"அப்போ எதைக் கேட்டாலும் அம்மாதான். பழைய டிரைவ்ல பொம்பளைக் குரல் எத்தனை கிடக்கு! பேரு, ஊரு வராத இடமாப் பாத்துப் பதினொரு நிமிஷம் வெட்டு. கொஞ்சம் அழுற மாதிரி இருந்தா நல்லது. அழுகைக்கு யாரும் அடையாளம் கேக்க மாட்டாங்க."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி திரும்பியபோது ஹெட்போன் அந்த டிரைவை அதே கம்ப்யூட்டரில் செருகியிருந்தான். யாரோ ஒருத்தியின் அழுகை உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

அழித்த ஃபைல் உடனே போய்விடாது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும் வரை டிஸ்கில்தான் கிடக்கும்.

"நிறுத்து. அதுல எதையும் எழுதாத."

"நீ ஏத்துடா" என்றார் தள்ளுபடி.

அவள் மேஜைக்கடியில் குனிந்தாள். கேட்கவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை. பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னடி பண்ற?"

"முடிச்சுட்டேன் சித்தப்பா. நீங்க சொன்ன வேகத்துலயே."

டிஸ்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி, மதியச் சாப்பாட்டை விட்டுத் துண்டு துண்டாகப் பொறுக்கினாள். நாலு நிமிஷம் தேறியது. மிச்சமிருந்த இடத்தில் யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நர்ஸ் வந்தபோது தள்ளுபடி குரலைக் குழைத்து, "டேப்பு ரொம்பப் பழசும்மா, நாங்களும் எவ்வளவோ..." என்று தொடங்கினார். அவள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சங்கு, அதை எழுதியவள் யார், ஏற்றப் பார்த்த வேறு குரல், எதையும் விடவில்லை.

நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள். "அப்போ இந்த நாலு நிமிஷம் மட்டும் எங்கம்மாதான்னு நான் எப்படி நம்புறது?"

ஹெட்போன் அந்த நாலு நிமிஷத்தை ஓட விட்டான்.

இனிமையான குரல் ஒன்றும் இல்லை, கரகரப்பு, அவசரம். "பணம் வந்துச்சு. குழாய் இன்னும் ஒழுகுது, நீங்க வந்துதான் பாக்கணும்னா ஒழுகட்டும். உங்க குண்டூசி பக்கத்து வீட்டுப் பையனைக் கடிச்சு வெச்சுட்டா. பல்லு அப்படியே பதிஞ்சிருக்கு. அவங்கம்மா சண்டைக்கு வந்தா. நானும் விடல..."

நர்ஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என்னைக் குண்டூசின்னு அப்பா மட்டும்தான் கூப்பிடுவாரு" என்றாள், யாரையும் பார்க்காமல்.

"பாத்தீங்களா, நம்ம கடை வேலைன்னா அப்படி" என்றபடி தள்ளுபடி ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். "நாலு நிமிஷத்துக்கு மட்டும் போட்டுக்கறேன்."

நர்ஸ் அவரைக் காயத்தில் ஊறும் சீழைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்; அவள் தொழிலில் அதைப் பார்த்துப் பழக்கம். நாலு நிமிஷத்தை ஏற்றி வைத்திருந்த பென் டிரைவை எடுத்துக்கொண்டாள். வெளுத்த டேப்பை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"இதுல இருந்ததெல்லாம் எங்க?"

"உதிர்ந்துடுச்சு. துடைச்சுப் போட்டுட்டாங்க."

"எங்க போட்டாங்க?"

சங்கை எழுதியவள் குப்பைக் கூடையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காகிதக் கோப்பைகளையும் ஈரக் காகிதத்தையும் ஒதுக்கினாள். அடியில் இரண்டு பஞ்சுக்குச்சிகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டும் ஒரே பழுப்பு. ஒன்று அம்மா, ஒன்று சித்தப்பாவின் காது. புரட்டிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"விடுங்க" என்றாள் நர்ஸ். அவளைத் தூக்கிவிடக் கை நீட்டவில்லை. கதவு நர்ஸின் பின்னால் தானே மூடிக்கொண்டது.

குச்சிகள் இன்னும் சங்கை எழுதியவளின் கையில்தான் இருந்தன. வாங்கியது பதினொரு நிமிஷம். கொடுத்தது நாலு. பாக்கி ஏழு, அவள் பெயரில். தள்ளுபடி கிடையாது.