ஒரே பெட்டியில் வந்த டேப்பும் டையும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அது முழுக்க என் மேலேயே வந்தது.

நானும் என் நாத்தனாரும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு லேத் பட்டறை போட்டு மூன்று மாதம். பம்பு கம்பெனி ஒன்று, எங்கள் கைவேலையைப் பார்க்க ஒரு இரும்புத் தகடு அனுப்பியிருந்தது. அதில் பன்னிரண்டு துளை. ஒவ்வொன்றிலும் போல்ட் திருகி ஏற மரை வெட்ட வேண்டும். மூன்று மணிக்கு அவர்கள் ஆள் வந்து சோதிப்பார். தேறினால் பட்டறை நிற்கும். இல்லையென்றால் ஷட்டரை இழுத்துவிட்டு, பழைய ஃபோர்மேன் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

காலையிலேயே கடைக்குப் போனோம். துளைக்குள் மரை வெட்ட டேப், கம்பிமேல் மரை வெட்ட டை. தங்க நிறப் பெட்டி ஒன்றை நாத்தனார் தூக்கினாள்.

"அண்ணி, கல்யாணப் பொண்ணு மாதிரி ஜொலிக்குது பாருங்க!"

"ஜொலிப்புல மயங்குற ஆளு நான் இல்லடி. வெட்டிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

பெரிய மேதாவி மாதிரி கடையிலிருந்த வைஸ் பிடிப்பானில் இறுக்கி அங்கேயே சோதித்தேன். அந்த டேப்பால் ஒரு நட், அந்த டையால் ஒரு போல்ட். இரண்டையும் சேர்த்துத் திருகினால் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

"அடி சக்கை! இதையே கட்டுங்க" என்றேன்.

பதினொன்றரைக்குள் பன்னிரண்டு துளையும் முடிந்தது. தகடு வந்த பார்சல் காகிதத்தைக் குப்பையில் போடும்போது, உள்ளேயிருந்து ஒரு போல்ட் விழுந்தது. அளவு பார்க்கக் கம்பெனி அனுப்பியது. நாத்தனார் அதைத் துளையில் வைத்துத் திருகினாள். இரண்டு சுற்று போனது, அப்புறம் அசையவே இல்லை. எல்லாத் துளையிலும் அதே கதை.

"கடையில நாம வெட்டுன போல்ட் மட்டும் எப்படி அண்ணி போச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேப் அளவு குறைச்சல். டையும் அதே அளவு குறைச்சல். திருடனுக்கு அவன் கூட்டாளியையே சாட்சி சொல்ல வைத்திருக்கிறேன்!

"புத்தி கெட்ட ஜென்மம்!" என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"உங்களைத் திட்ட நான் இருக்கேன். வண்டியை எடுங்க முதல்ல!"

துளை சிறிதாகப் போனது புண்ணியம். சரியான டேப்பை விட்டால் மிச்சத்தைச் சீவிவிடும். பெரிதாகியிருந்தால் தகட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் மிரண்டார்.

"மினுக்குறது வேணாம். பல்லைச் சாணை பிடிச்சு அளவெடுத்த டேப் குடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்" என்றேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பல்லில் பிசிறே இல்லை. ஒரு நட்டை வெட்டி, இந்தத் தடவை கம்பெனி போல்ட்டைத் திருகினேன். ஆட்டமில்லாமல் கடைசிவரை ஏறியது. கடைக்காரர் முன்னாலேயே நாத்தனாரைக் கட்டிக்கொண்டேன்.

எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இரும்புச் சீவல் முடிபோல உதிர்ந்தது. பன்னிரண்டாவது துளையை முடிக்கவும் வாசலில் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

வந்த கம்பெனி ஆள் பையிலிருந்து துளை அளவு பார்க்கும் கேஜை எடுத்தார். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். பன்னிரண்டிலும் போக வேண்டியது போனது, நிற்க வேண்டியது நின்றது.

"இங்க எத்தனை பேர் வேலை செய்றீங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான் சார்."

"பத்தாதேம்மா. நாளைக்கு நானூறு தகடு வருது."

நாத்தனார் விசிலடித்தாள். நான் அந்த மனிதர் முன்னாலேயே ஓவென்று அழுதுவிட்டேன்.