முப்பத்தோராவது ஆள்

தான் சுட்டு வீழ்த்திய முப்பது பேரும் சனிக்கிழமை தவறாமல் வந்து தன்னோடு சவுனாவில் குளிக்கிறார்கள் என்று போர் விமானி சார்ஜன்ட் ஆர்மாஸ் கெட்டுனென் சொன்னதை, லடோகா ஏரிக்கரை விமானத்தளத்தில் லெப்டினன்ட் ரேகல்லியோவைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வது? பத்துப் பேர் உட்காரும் நீராவிக் குடில் அது. ஆர்மாஸ் ஒருவன் உள்ளே போனால் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் தழை முப்பத்தோரு கட்டு தீர்ந்தது. ஈரக் காலடிகள் வாசலிலிருந்து ஏரிவரை போயின, திரும்பவில்லை.

பத்து மைலுக்கு அப்பால் பறக்கும் எதிரி இன்று சவரம் செய்தானா இல்லையா என்று ஆர்மாஸ் சொல்லிவிடுவான். ஆனால் கண் மட்டும் போதாது. மற்றவர்கள் முந்நூறு மீட்டரிலேயே சுட ஆரம்பித்துத் தோட்டாக்களை மேகத்துக்குத் தானம் செய்தார்கள். இவன் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு ஐம்பது மீட்டர்வரை நெருங்குவான், முகத்தைப் பார்ப்பான், ஒரு தும்மல் நேரம் சுடுவான். அவ்வளவுதான். முகத்தைப் பார்த்ததால்தான் அவர்கள் வழி தெரிந்து வருகிறார்கள் என்பது அவன் கட்சி.

வீழ்த்தியதாகச் சொல்வதை விசாரித்து உறுதிசெய்வது ரேகல்லியோவின் வேலை. கூடப் பறந்தவன் சாட்சி சொல்ல வேண்டும், அல்லது தரையில் சிதைவு கிடைக்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை ஆர்மாஸ் முப்பத்தோராவதைச் சொன்னபோது இரண்டும் இல்லை. மேகத்துக்குள் சுட்டிருந்தான், விமானம் ஏரியில் மூழ்கிவிட்டது. அன்று கூடப் பறந்தவன் ரேகல்லியோவின் தம்பி ஒன்னி. அவன் திரும்பவில்லை. எங்காவது காட்டில் இறங்கியிருப்பான், நடந்து வருவான் என்று அண்ணன் தினமும் இரண்டு கோப்பை காபி வாங்கி ஒன்றை ஆறவிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆர்மாஸ் வந்து நின்றான்.

"ஐயா, இன்னைக்கு நீங்களும் குளிக்க வாங்க."

"எதுக்குப்பா? உன் பேய்ங்களுக்கு முதுகு தேய்க்கவா?"

"இந்த ஆளோட முகத்த நான் பாக்கல. விமானத்தோட வால் மட்டுந்தான் தெரிஞ்சுது. தனியா போகப் பயமா இருக்கு."

ரேகல்லியோ சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். ஆர்மாஸ் சூடான கற்களில் தண்ணீர் ஊற்றினான். ஆவி எழுந்தது. மேல்பலகையில் முப்பது பேர் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் நகர்ந்து ரேகல்லியோவுக்கு இடம் கொடுத்தான். கதவோரம், கீழ்ப்பலகையில், ஏரித் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கதவ நல்லா சாத்து. குளிருது," என்றான் ஒன்னி.

ஆர்மாஸின் கையிலிருந்து அகப்பை விழுந்தது. ரேகல்லியோ கதவைச் சாத்தினான். ஒரு தழைக்கட்டை எடுத்து, சிறுவயதில் செய்ததுபோல, தம்பியின் முதுகில் மெல்ல அடித்தான். முதுகு சிவக்கவே இல்லை. தழையில் ஓர் இலைகூட மிஞ்சாமல் போகும்வரை அடித்தான்.

பிறகு ஈரத் துண்டோடு அலுவலகத்துக்குப் போய், முப்பத்தோராவதை உறுதிசெய்ய வேண்டிய படிவத்தை எடுத்தான். விமானம் என்ற இடத்தில் 'நம்முடையது' என்று எழுதினான். சாட்சி என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான். அதன் கீழே, 'நேரில் கண்டேன்.'